இடக்கை கனியும் காலம்

உத்தரப் பிரதேசத்தின் பதோஹிப் பகுதியில், லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்த ஒரு தகப்பனாருக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளுள் ஒருவரும், லக்னோவிலுள்ள விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிதலை அப்பியாசம் செய்துகொண்டிருந்தவரும், பேஸ்பால் என்னும் ஆட்டத்தை அதுவரை ஆடியே அறியாதவருமான ரிங்கு சிங் என்ற இளைஞர், 2008ஆம் ஆண்டில், தமது இடது கையால் எறிந்த ஒரு பந்து மணிக்கு 87 மைல் வேகத்தில், நம் கணக்குப்படி ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றிவிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், இத்தனை கோடி ஜனங்கள் வாழும் தேசத்தில் பேஸ்பாலுக்கு உகந்த ஒரு கையாவது இராமற்போகுமா என்ற எண்ணத்துடன் நடத்திய ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில், 37,000 பேருக்கு மேல் வந்து பந்தெறிந்ததில், முதற்பரிசான ஒரு லட்சம் டாலர் அவருக்குக் கிடைத்தது. (கிரிக்கெட் ரசிகர்கள் நன்கறிந்த ரிங்கு சிங் வேறொருவர், அவரும் உத்தரப் பிரதேசத்தவர், அவரும் இடக்கையர் என்பது ஒரு விசித்திரமான பொருத்தம்.) பேஸ்பால் ரிங்கு சிங்குடன் தேர்வான தினேஷ் படேலும் ஈட்டி எறிந்து பழகியவர்தான், ஆனால் அவர் வலக்கையர்.

இந்த வரலாற்றை டிஸ்னி நிறுவனத்தார் 2014இல் திரைப்படமாக எடுத்தார்கள். இசையமைத்தவர் நம் சென்னையின் ஏ.ஆர். ரஹ்மான். படம், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இவ்விரு இளைஞர்களையும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் கட்டத்தில் சுபமாக முடிந்துவிடுகிறது. பார்ப்பவர் கண்ணில் நீர் துளிர்க்க வேண்டுமானால் அங்கேதான் முடிக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு பந்தெறிவீரன் உருவாகும் சரித்திரம் அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது என்பதும், அந்தச் சரித்திரத்தைச் சொல்லாமல் விடுவதால் நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு தவறான நம்பிக்கை ஊட்டப்படுகிறது என்பதும் என் அபிப்பிராயம். ஒரே எறியில் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டும் என்பதே அந்த நம்பிக்கை.

இதைச் சென்னையில், அதுவும் நொச்சிக்குப்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. கலங்கரை விளக்கத்துக்கும் சாந்தோமுக்கும் இடையே, ஒருபுறம் மீன் அங்காடியும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், மறுபுறம் படகுகளும் வலைகளும் கடலுமாக நீண்டு கிடக்கும் அந்தக் குப்பத்தில், வெயில் தணிந்த பொழுதில் சென்று பார்ப்பவர்களுக்கு, அலை வந்து நனைத்துவிட்டுப் போன கெட்டி மணலில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு ஆடும் சிறுவர் கூட்டம் ஒன்று அநேகமாகத் தென்படாமல் இராது. காய்ந்த மணலில் பந்து எழும்பாது என்பதால், ஈரம் காயாத அந்தக் குறுகிய பட்டையையே அவர்கள் ஆடுகளமாகக் கொள்கிறார்கள். அங்கேயும் பந்து முழங்காலுக்கு மேல் எழுவது அபூர்வம் ஆகையால், மட்டைக்காரனின் காலடியைப் பார்த்து நேராகப் போடும் பந்துக்குத்தான் அங்கே மதிப்பு. அப்படிப்பட்ட கூட்டத்தில் எங்கேனும் ஒரு பிள்ளை இடக்கையால் பந்து போட்டால், மற்றவர்கள் ‘பீச்சாங்கை’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அவன் பந்தை அடிக்க முடியாமல் திணறுவார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்கிறது, அவன் கை பத்து வருஷத்தில் என்ன ஆகிறது என்பதை விசாரிப்பவர் யார்? சேப்பாக்கம் மைதானம் அந்தக் கரையிலிருந்து வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கும் அந்த மைதானத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

இடக்கைக்கு விளையாட்டில் இத்தனை மகத்துவம் ஏன் என்று முதலில் பார்த்துவிடுவோம். ஜனத்தொகையில் பத்தில் ஒருவரே இடக்கையர். ஆனால் அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் பந்தெறிவோரில் கால்வாசிக்கு மேற்பட்டவர் இடக்கையர். பந்தெறியும் மேட்டில் நிற்கும் இடக்கையன், எறிய ஆயத்தமாகும்போதே முதல் தளத்தை நோக்கி நிற்பதால், அங்கிருந்து அடுத்த தளத்துக்குத் திருட்டுத்தனமாக நழுவப் பார்க்கும் ஓட்டக்காரனைக் கண்ணாலேயே கட்டிப்போட்டுவிடுவான்; வலக்கையனுக்கோ அந்தத் தளம் முதுகுப்புறம். தவிரவும், அடிப்பவர்கள் சிறு பிராயம் முதல் வலக்கையர் எறியும் பந்துகளையே பார்த்துப் பழகியவர்களாதலால், மறுபுறத்திலிருந்து வரும் பந்தின் கோணத்தைக் கணிக்க அவர்கள் கண்ணுக்கு ஒரு கணம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 60 அடி 6 அங்குலத் தூரத்தை அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் பந்து கடந்துவிடும் ஆட்டத்தில், அந்த ஒரு கணமே வெற்றி தோல்விகளை நிர்ணயிக்கப் போதுமானது. கிரிக்கெட்டிலும் விஷயம் இதுவேதான். இடக்கையரான ஜாகீர் கானைத் தேடிக் கண்டெடுத்து, சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் டென்னிஸ் லில்லி முதலியோரின் பார்வையில் பயிற்றுவித்ததன் பலனைத் தேசம் பல ஆண்டுகள் அனுபவித்தது.

ஆனால் இடக்கை என்பது மூலதனம் மாத்திரமே. ரிங்கு சிங் அமெரிக்காவுக்குச் சென்றபோது, அவரிடம் ஈட்டி எறிந்து உரமேறிய தோள் இருந்தது. பேஸ்பாலின் அரிச்சுவடி இல்லை. ஈட்டி எறிபவன் ஓடி வந்து, ஓட்டத்தின் வேகம் முழுவதையும் கைக்கு மாற்றி, தலைக்கு மேலாக வீசுகிறான். பேஸ்பால் பந்தெறிபவனுக்கு ஓட்டமே கிடையாது. அவன் ஒரு பாதத்தை ரப்பர் பலகையில் ஊன்றி, மறு காலை உயர்த்தி, முன்னே நெடிய அடி வைத்து, இடுப்பு முதலில் திரும்ப, தோள் சற்றே பிந்தித் திரும்ப, முழங்கை அதற்கும் பிந்தி வர, கடைசியில் விரல் நுனிகள் பந்தின் தையல்மீது கொடுக்கும் அழுத்தத்தால் அதன் போக்கை நிர்ணயிக்கிறான். 145 கிராம் சுமாரான எடையும், 108 இரட்டைத் தையல்களும் கொண்ட அந்தப் பந்தை, முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஒரு கற்பனைச் சதுரத்துக்குள், நினைத்த மூலையில், ஒரே மாதிரியான கைவீச்சில் சில சமயம் வேகமாகவும் சில சமயம் மெதுவாகவும் செலுத்த வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகள் எட்டு வயதில் தொடங்கும் இந்த வித்தையை, ரிங்கு சிங் இருபதாம் பிராயத்தில், பாஷை புரியாத ஊரில், சில மாத அவகாசத்தில் கற்க வேண்டியிருந்தது.

அவருக்கு வாய்த்த ஆசான் சாமானியர் அல்லர். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவரையும் தினேஷ் படேலையும் பயிற்றுவித்த டாம் ஹவுஸ், தாமும் ஓர் இடக்கைப் பந்தெறிவீரர்; 1974 ஏப்ரல் 8ஆம் தேதி ஹாங்க் ஆரோன் தமது 715ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையைக் கடந்தபோது, வேலிக்கு அப்பால் வந்து விழுந்த அந்தப் பந்தைப் பிடித்தவர் என்ற வகையிலும் சரித்திரத்தில் இடம் பெற்றவர். பயிற்சியாளராக அவர் ஆற்றிய பெரிய காரியம் வேறு. ராண்டி ஜான்சன் என்ற, ஆறு அடி பத்து அங்குல உயரமுள்ள இடக்கையர், 1985இல் தேர்வு செய்யப்பட்டும், ஏழு வருஷங்கள் கழிந்தும், பந்தை எங்கே எறிகிறோம் என்ற நிதானமின்றித் தவித்துக்கொண்டிருந்தார். 1990 முதல் 1992 வரை மூன்று பருவங்களிலும், இலக்குத் தவறிய பந்துகளால் எதிரணியினருக்கு இலவசமாக முதல் தளத்தைக் கொடுத்தவர்களில் அவர்தாம் அவருடைய லீக்கில் முதலிடம். 1992இல், எதிரணியின் பயிற்சியாளராக இருந்த டாம் ஹவுஸும், அவ்வணியின் மாபெரும் வீரர் நோலன் ரையனும், ஜான்சனின் முன்கால் குதிகாலில் இறங்குவதால் உடல் ஒரு பக்கமாகச் சுழன்றுவிடுகிறது என்பதைக் கண்டு, பாதத்தின் முன்பகுதியில் இறங்கச் சொன்னார்கள். போட்டியாளர் என்று பாராமல் சொன்ன அந்த ஒரு வார்த்தையின் பலன், பின்னாளில் ஜான்சன் பெற்ற மொத்த வெற்றிகளான 303இல் பெரும்பகுதியாக விளைந்தது.

சாண்டி கூஃபாக்ஸின் வரலாறும் இத்தகையதே. 1955இல் பத்தொன்பது வயதில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆட வந்த அந்த இடக்கையர், முதல் ஆறு பருவங்களில் 36 ஆட்டங்களில் வென்று 40இல் தோற்றார். 1961ஆம் ஆண்டு பயிற்சிக் காலத்தில், பந்து பிடிக்கும் நார்ம் ஷெரி என்ற சகவீரர், ‘இத்தனை பலத்தைப் பிரயோகிக்காதே, கொஞ்சம் தளர்த்தி எறி’ என்ற கருத்துப்படச் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆறு பருவங்களில் 129 வெற்றிகள், 47 தோல்விகள். கையில் இருந்த வேகம் அதே வேகந்தான். அது கனிவதற்கு ஆறு வருஷங்களும், அருகில் இருந்து பார்த்த ஒரு ஜோடிக் கண்களும் தேவைப்பட்டன. அந்த ஆறு வருஷங்களும் அவரைத் துரத்திவிடாமல் வைத்துக்கொண்டிருந்த அணியை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ரிங்கு சிங்கிடம் திரும்புவோம். 2008 நவம்பரில் ஒப்பந்தமாகி, 2009 ஜூலையில் ஃப்ளோரிடாவிலுள்ள தொடக்க நிலை லீக்கில் பந்தெறிந்து, அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆட்டமொன்றில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் என்ற கீர்த்தியை அவர் அடைந்தார். அந்தப் பருவத்தில் அவருடைய எண்கள் சோபிக்கவில்லை. அவர் சளைக்கவுமில்லை. தினேஷ் படேல் 2010 இறுதியில் விடுவிக்கப்பட்டு நாடு திரும்பிய பிறகும் இவர் தங்கினார்; ஓய்வுக் காலத்தையும் வீணாக்காமல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று கான்பெரா அணிக்காக ஆடினார். 2012இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் எறிந்து, 65 பேரை அடிக்கவொட்டாமல் வெளியேற்றினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக மூன்று ஓட்டங்களே கொடுத்தார். பேஸ்பாலைத் தொட்டு நான்கே வருஷங்கள் ஆன ஒருவர், அதையே சுவாசித்து வளர்ந்தவர்களின் நடுவில் நின்று செய்த காரியம் இது. திரைப்படத்தின் கடைசிக் காட்சியைக் காட்டிலும் இந்த 72 இன்னிங்ஸ்களே அவருடைய உண்மையான வெற்றி என்பேன்.

பிறகு முழங்கை போயிற்று. 2013இல் அவருக்கு ‘டாமி ஜான்’ சிகிச்சை நடந்தது. அந்தப் பெயரும் ஓர் இடக்கையருடையதே. 1974இல் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்பவருக்கு, முழங்கையின் உட்புறத்தில் கிழிந்துபோன தசைநாருக்குப் பதிலாக, அவருடைய மற்றொரு கையிலிருந்தே ஒரு நாரை எடுத்து வைத்துக் கட்டினார் டாக்டர் ஃபிராங்க் ஜோப். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து, தம் மொத்த வெற்றிகளான 288இல் 164ஐச் சிகிச்சைக்குப் பிறகே பெற்றார். அந்தப் பாக்கியம் ரிங்கு சிங்குக்கு வாய்க்கவில்லை. 2013, 2014, 2015 என மூன்று பருவங்கள் களமிறங்காமலே கழிந்தன. படம் உலகமெங்கும் திரையிடப்பட்டபோது, அதன் கதாநாயகர் நிஜ வாழ்வில் காயம் ஆறக் காத்திருந்தார். 2018இல் அவர் மல்யுத்தக் காட்சி உலகமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் சேர்ந்து, வீர் மஹான் என்ற பெயரில் புதியதொரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். அவர் தோற்றார் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். அவரை நாம் பத்து வருஷம் தாமதமாகக் கண்டுபிடித்தோம் என்பதுதான் நேர்ந்த தவறு.

இருபது வயதில் கண்டெடுக்கப்பட்ட இன்னோர் இடக்கையரும் நமக்கு உண்டு, அவர் தமிழர். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில், தறித் தொழிலாளியான தந்தைக்கும், சாலையோரம் கோழிக்கறிக் கடை நடத்திய தாய்க்கும் பிறந்த டி. நடராஜன், இருபது வயது வரை டென்னிஸ் பந்தைத் தவிர வேறொன்றைத் தொட்டறியாதவர். அதே ஊரைச் சேர்ந்த ஜெயபிரகாஷ், அந்தக் கையின் தன்மையைக் கண்டுகொண்டு, அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து நான்காம் டிவிஷன் லீக்கில் ஆட வழி செய்தார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். ஆடிய உடனேயே, அவர் பந்துவீசும் முறை விதிக்குப் புறம்பானது என்ற சந்தேகம் கிளம்பி, எல்லாம் நின்றுபோயிற்று. முழங்கை 15 பாகைக்கு மேல் மடங்கி நிமிரக் கூடாது என்பது கிரிக்கெட்டின் விதி. பிராயம் இருபத்துநான்கை நெருங்கியவர், சிறு வயது முதல் உடம்பில் ஊறிய ஒரு வீச்சை அவிழ்த்துப்போட்டு, முதலிலிருந்து கற்க வேண்டும். சுனில் சுப்பிரமணியம் முதலிய பயிற்சியாளர்கள் கூடவே நின்றார்கள். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக அவர் காலடியில் இறக்கிய யார்க்கர்களை ஊரே பேசிற்று, 2017இல் ஐ.பி.எல். ஏலத்தில் மூன்று கோடி ரூபாய். அதற்குப் பின் இரண்டு பருவங்கள் ஆட்டமே கிடைக்காமல் வெளியில் அமர்ந்திருந்தார். 2020 டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து முதல் டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட்! ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். ஐ.பி.எல். காலத்திலேயே அவர் சட்டையில் எழுதியிருந்த பெயர் ‘ஜே.பி. நட்டு’, முதல் இரண்டு எழுத்துகள் ஜெயபிரகாஷுக்கு உரியவை.

ரிங்கு சிங்குக்கு நேராதது நடராஜனுக்கு எப்படி நேர்ந்தது என்று ஆராய்ந்தால், விடை அந்த டென்னிஸ் பந்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பந்து எங்கே விழுந்தாலும் மட்டைக்காரன் தூக்கியடிக்கும் டென்னிஸ் பந்தாட்டத்தில், காலடியில் இறங்கும் யார்க்கர் ஒன்றுதான் பந்துவீசுபவனுக்குப் பாதுகாப்பு. அதை ஆயிரக்கணக்கான முறை போட்டுப் போட்டு, யாரும் கற்பிக்காமலே, நடராஜன் தம் பள்ளிப் பிராயத்தைப் பயிற்சிக் காலமாக ஆக்கிக்கொண்டிருந்தார். ஈட்டிக்கும் பேஸ்பாலுக்கும் உறவு தோளோடு சரி. டென்னிஸ் பந்துக்கும் கிரிக்கெட் பந்துக்கும் உறவு விரல்வரை செல்கிறது. நொச்சிக்குப்பத்தின் ஈர மணலில் எழும்பாத பந்தைப் போட்டுப் பழகும் பிள்ளையும், தான் அறியாமலே, இதே பயிற்சியில் இருக்கிறான். மீனவர் பிள்ளைகளுக்கு வலை இழுத்தும் படகு தள்ளியும் தோள் பலம் பிறவியிலேயே வந்துவிடுகிறது என்று சிலர் புகழ்ந்து பேசுவதை நான் ஏற்பதற்கில்லை. அது அவர்களுடைய உழைப்பையும் தேவைகளையும் ஒருசேர மறக்கடிக்கும் புகழ்ச்சி. அந்தப் பிள்ளைக்கு வேண்டியவை, மற்றெந்தப் பிள்ளைக்கும் வேண்டியவையே.

அவற்றுள் முதலாவது, கணக்கு. 2014இல் அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பால் அமைப்பினர் மருத்துவர்களின் ஆலோசனையோடு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியலாகாது. 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்துவிட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். வருஷத்தில் நான்கு மாதமாவது பந்தெறியாமல் இருக்க வேண்டும். எறிவதும் கிரிக்கெட்டில் பந்துவீசுவதும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆயினும், வளரும் எலும்புக்கு ஓர் எல்லை உண்டு என்ற நியதி இரண்டுக்கும் பொது. நம் கடற்கரையில், நன்றாகப் பந்து போடும் பிள்ளையையே விடுமுறை நாள் முழுவதும் போடச் சொல்கிறோம். தோள் வலிக்கிறது என்று அவன் சொன்னால் தைலம் தேய்த்துவிட்டு மறுநாளும் அழைக்கிறோம். பதினேழு வயதில் அவன் வேகம் குறைந்துவிட்டால், சோம்பேறி என்று பேசுகிறோம். எத்தனை இடக்கைகள் இப்படி, பெயர்கூடப் பெறாமல், மணலிலேயே முடிந்துபோயினவோ!

ஆகவே நான் கேட்பது பெரிய அரங்கம் அன்று. குப்பத்தை ஒட்டி, பாய் விரித்த கெட்டித் தளம் இரண்டு. வாரத்தில் நான்கு மாலைகளாவது அங்கே வந்து நிற்கும், சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளர். எந்தப் பிள்ளை இன்று எத்தனை பந்து போட்டான், எங்கே வலிக்கிறது என்றான் என்பதைத் தேதிவாரியாக எழுதும் ஒரு நோட்டுப் புத்தகம். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் எலும்பு வைத்தியர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோளையும் முழங்கையையும் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு. பிள்ளையின் கைவீச்சு பதினைந்து பாகைக்குள் இருக்கிறதா என்பதை இருபத்துநான்கு வயதில் அன்றி, பன்னிரண்டு வயதிலேயே செல்பேசியில் படமெடுத்துப் பார்த்துத் திருத்தும் சிரத்தை. நடராஜன் தம் ஊருக்குச் செய்ததை இங்கே நினைவுகூர வேண்டும்: 2023இல் சின்னப்பம்பட்டியிலேயே, தம் பெயரால் ஒரு கிரிக்கெட் மைதானத்தை அவர் அமைத்தார். சேலத்து நெசவாளர் கிராமம் ஒன்றில் ஒரு தனி மனிதரின் முயற்சியால் ஆன காரியம், மாநகராட்சியும், கிரிக்கெட் சங்கமும், பெருநிறுவனங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மயிலாப்பூர்க் கடற்கரையில் ஆகாமலிருப்பதற்கு, சிரத்தைக் குறைவைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

லீக் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் நான்காம் டிவிஷன் அணிகளுக்கு ஆள் எடுக்கும்போது, வெள்ளைச் சீருடையும் சொந்த மட்டையும் கொண்டு வருகிறவர்களை மாத்திரம் பார்க்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நொச்சிக்குப்பத்துக்கு உங்கள் தேர்வாளர் ஒருவரை அனுப்புங்கள். அவர் கையில் வேகமானி வேண்டியதில்லை. வேகத்தை மட்டும் அளந்து ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். பிள்ளையின் முன்கால் எப்படி இறங்குகிறது, தலை நிலையாக நிற்கிறதா, தவறிய பந்துக்கு அடுத்த பந்தை அவன் என்ன செய்கிறான் என்பவற்றை அவர் கவனிக்கட்டும். தேறுகிற பிள்ளைக்கு உடனே ஆட்டம் கொடுக்காவிட்டாலும் பாதகமில்லை. பஸ் கட்டணமும், ஒரு ஜோடி ஸ்பைக் காலணியும், அடுத்த ஐந்து வருஷத்துக்கு அவன் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படாது என்ற உறுதியும் கொடுங்கள். ஐந்து வருஷம் என்பது அதிகம் என்று நினைப்பவர்கள், கூஃபாக்ஸுக்கு ஆறு வருஷமும் ஜான்சனுக்கு ஏழு வருஷமும் பிடித்தன என்பதைத் தங்கள் செயற்குழுவின் முன் வைத்து, அதன் பிறகு முடிவு செய்யட்டும்.